நுங்கு வண்டியும் தீப்பெட்டிப் படமும்

கோடை உழவு முடிஞ்சு சும்மா இருந்ததால போன வாரம் பேரனைக் கூட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போனேன். லீவுக்கு வந்திருக்கான். கையில ரிமோட் கார். அதைப் பார்த்ததும் பக்கத்துல இருந்த அண்ணாச்சி ஆரம்பிச்சுட்டார். "நமக்கெல்லாம் ஒரு நுங்கு வண்டி போதும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியுது?" நானும் தலையை ஆட்டிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அப்படி ஆட்டினது தப்புன்னு பட்டுச்சு.

நுங்கு வண்டி சுகமானதுதான், அதை நான் மறுக்கல. 1978, 79 வாக்குல சித்திரை, வைகாசி முழுக்க எங்க தெருவுல அதுதான் ஓட்டம். தின்னு முடிச்ச ரெண்டு காயை ஒரே அளவாப் பார்த்து எடுக்கணும். நடுவுல ஒரு குச்சியைக் குத்திக் கோர்த்தா அச்சு. கவட்டைக் கம்பை அச்சு மேல வச்சுத் தள்ளிக்கிட்டு ஓட வேண்டியதுதான். குச்சி கொஞ்சம் கோணலா இறங்கினாலும் வண்டி ஆட்டம் போடும். ரொம்ப இளங்காயா இருந்தா கல்லுல மோதிப் பிளந்துரும். நாலு நாள்ல காய் சுருங்கி ஓட்டை பெருசாயிரும், அப்புறம் புது வண்டி.

கண்மாய்க் கரையில இருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் பந்தயம். தோத்தவன் ஒரு தீப்பெட்டிப் படம் குடுக்கணும். அப்ப மரச்சில்லுல செஞ்ச பெட்டி. தண்ணியில ஊறப் போட்டா மேல ஒட்டின படம் தனியா வந்துரும். காய வச்சு, சோத்துப் பருக்கையால பழைய நோட்டுல ஒட்டுவோம். கப்பல், மயில், சிறுத்தையோட சண்டை போடுற ஆளு... ஒரு நோட்டு நிறைய வச்சிருந்தேன்.

எங்க கூட்டத்துல ஒருத்தன்கிட்ட மட்டும் ஊறப் போடாத புதுப் படம் கத்தையா இருக்கும். எங்களுக்கெல்லாம் அவன் மேல பொறாமை. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் விளையாட வருவான். மத்த நாள்ல விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போயிரும். அங்க குரோஸ் கணக்குல கூலிக்குப் படம் ஒட்டுறது அவன் வேலை. என்னை விட ஒரு வயசு சின்னவன். வேலை அலுப்புல அவனால ஓட முடியாது. என் நோட்டுல பாதிப் படம் அவன்கிட்ட ஜெயிச்சதுதான். ரெண்டு வருசம் முன்னே அதைப் பத்தி ஆசையாப் பேசினேன். "ஏல, அந்தப் பசை வாடை இன்னும் மூக்குல நிக்கி"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

தீப்பெட்டி வேலையில 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளை வைக்கக் கூடாதுன்னு 1986-ல சட்டம் வந்துச்சு. இன்னிக்கு எங்க ஊர்ல பிள்ளைகளை ஏத்த வர்றது பள்ளிக்கூட பஸ். இதை மறைச்சுட்டு நம்ம காலம்தான் பொற்காலம்னு எப்படிச் சொல்றது?

சரி, இன்னிக்குப் பிள்ளைக்கு நுங்கு வண்டி தெரியலன்னா அது யார் குத்தம்? எங்க வரப்புல ஒன்பது பனை நின்னுச்சு. கடன் நெருக்கடியில செங்கல் சூளைக்கு வித்தது நான்தான். கலெக்டர் அனுமதி இல்லாமப் பனையை வெட்டக் கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்ல அறிவிச்சாங்க. 76 லட்சம் பனை விதை குடுக்கறதாவும் சொன்னாங்க. அதுக்குள்ள என் வரப்பு மொட்டையாயிருச்சு. பனை காய்க்கப் பத்துப் பதினஞ்சு வருசம் ஆகும், அதுலயும் பெண் பனைதான் காய்க்கும். மரத்தை வெட்டிப்புட்டுப் பிள்ளையைக் குறை சொல்றது என்ன நியாயம்?

மறுநாள் மெயின் ரோட்டுல நுங்கு வாங்கிட்டு வந்து, பேரனும் நானும் வண்டி செஞ்சோம். முதல் வண்டி பிளந்துருச்சு. ரெண்டாவதுல அச்சை அவனே நேராக் குத்தினான். தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டு வந்து, மறுபடி ரிமோட் காரை எடுத்துக்கிட்டான். எடுத்துக்கிடட்டுமே, அவன் வயசு அது.

ஐப்பசி மழைக்கு வரப்புல இருபது பனங்கொட்டை ஊனலாம்னு இருக்கேன். பழைய கதை பேசுற அண்ணாச்சிமாரும் ஆளுக்கு நாலு ஊனட்டும். பேச்சை அப்புறம் வச்சுக்கிடலாம்.