ரத்துப் பட்டியலைப் படிப்பவர் யார்?

சென்ற ஆண்டு விடுமுறை முடிந்து ஊரிலிருந்து டில்லிக்குத் திரும்புகையில், எங்கள் ஆய்வுக்கூட நண்பர் ஒருவர் ரயிலில் தம் மடிக்கணினியைப் பறிகொடுத்தார். கணினி போனதுகூடப் பெரிதன்று. ஓப்பன்விபிஎன் வழியாக ஆய்வுக்கூடத்தின் வலைக்குள் நுழைவதற்கான அவருடைய டிஜிட்டல் சான்றிதழும் மறைசாவியும் அதற்குள் இருந்தன. சான்றிதழ் வழங்கும் பொறுப்பு என்னுடையது. அன்றிரவே கட்டளை வரியின் முன் அமர்ந்து, ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு அதனை ரத்துச் செய்தேன். புதிய ரத்துப் பட்டியலையும் உண்டாக்கினேன். கடமை முடிந்ததென்று நிம்மதியாக உறங்கினேன்.

மூன்று நாள் கழித்து ஏனோ ஓர் ஐயம். நண்பர் வேறிடத்தில் வைத்திருந்த படியைக் கொண்டு சோதித்தோம். கதவு திறந்துகொண்டது! பட்டியலை உண்டாக்கிய நான், அதைப் படிக்கும்படி சேவையகத்துக்குச் சொல்லவே இல்லை.

நூலக அட்டை தொலைந்தால் நூலகர் அதன் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். குறிப்பு அவர் மேசையிலேயே கிடந்து, வாயிற்காவலர் அதைப் பாராதிருந்தால் என்ன பயன்? ரத்துப் பட்டியலும் அத்தகையதே. ரத்தானவற்றின் வரிசை எண்களைத் தொகுத்து, வழங்கியவரே கையொப்பமிட்ட தாள் அது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சரிபார்ப்புக் கட்டளைகூடத் தானாக அதைத் தேடிப் போவதில்லை. பட்டியலைக் கையில் கொடுத்து, பார் என்று சொன்னால்தான் பார்க்கும். சொல்லாவிட்டால் ரத்தான சான்றிதழுக்கும் கூசாமல் 'ஓகே' என்றுவிடும். இந்த 'ஓகே'யை நம்பித்தான் நம்மில் பலர் செயல்முறைப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2014 ஜூலையில், தேசியத் தகவல் மையம் வழங்கியவையாக, கூகுளின் தளங்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிப்பட்டன. சான்றளிக்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் நம் நாட்டு அதிகாரி அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்துச் செய்தார். ஆயினும் கூகுள் அத்துடன் நிற்கவில்லை. குரோம் உலாவிக்குத் தன் சொந்தத் தடைப் பட்டியலை அனுப்பியது. வெளியிட்ட பட்டியலை எல்லோரும் படிப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் இது எதற்கு?

'பட்டியல் பழங்கதை, ஒவ்வொன்றாக நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம்' என்பார் உளர். அவ்வாறு கேட்பதற்கான ஓசிஎஸ்பி சேவையை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஆகஸ்டில் நிறுத்திவிட்டுப் பட்டியலையே நம்பிவிட்டது என்பதை அவர்கள் நினைவில் கொள்ளட்டும்.

நிற்க. எங்கள் சேவையகத்துக்குப் பட்டியலைக் காட்டினேன். திருட்டுச் சான்றிதழ் வெளியே நின்றது. முப்பது நாள் கழித்து ஒரு காலையில் நாங்கள் அத்தனை பேரும் வெளியே நின்றோம்! ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மாதிரி அமைப்பில் பட்டியலின் ஆயுள் முப்பதே நாள். கெடு தாண்டிய பட்டியலைக் கண்டால் ஓப்பன்விபிஎன் எவரையும் உள்ளே விடாது. "அந்தச் சனியனை எடுத்துத் தொலையுங்கள்" என்று மூத்த மாணவர் ஒருவர் சீறினார். ஆய்வறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கியவர். அவர் கோபம் நியாயமே. ஆனாலும் நான் எடுக்கவில்லை. இப்போது ஞாயிறுதோறும் கடவுச்சொல்லைக் கையால் தட்டிப் புதுப் பட்டியல் உண்டாக்கி, உரையாக விரித்து, அடுத்த கெடு நாளைக் கண்ணால் பார்த்த பிறகே சாப்பிடப் போகிறேன்.

நம் சங்கப் பயிற்சி முகாம்களில் சான்றிதழ் வழங்கக் கற்பிக்கிறோம். ரத்துச் செய்யக் கற்பிப்பதில்லை. இது பெருங்குறை என்பது என் கருத்து. அடுத்த முகாமில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தம் சான்றிதழைத் தாமே ரத்துச் செய்து, கதவு மூடுகிறதா என்று தட்டிப் பார்க்கச் செய்யவேண்டும் எனச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.