ஒரு சொல் போதுமா?

கதைமாந்தரை ‘நல்லவர்’, ‘கெட்டவர்’ என ஒரே சொல்லில் மதிப்பிடுதல் முறையன்று. அவர்தம் செயல்களைச் சான்றாகக் காட்டுதல் வேண்டும்.

‘ராஜமுக்தி’ திரைப்படத்திற்காக நம் புனே நகருக்கு வந்து பணியாற்றியவர் எழுத்தாளர் புதுமைப்பித்தன் (1906–1948). அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் சிறுகதையில், சென்னைக்கு வந்த கடவுளிடமே தம் மருத்துவ இதழுக்குச் சந்தா கேட்கிறார் பிள்ளை. இதனை மட்டும் கண்டோர் அவரைப் பேராசைக்காரர் என்பர். ஆயின், அவரே கடவுளைத் தம் வீட்டிற்கு விருந்தினராகவும் அழைத்துச் செல்கிறார். பணத்தைக் கணக்கிடும் மனிதரிடம் விருந்தோம்பலும் உண்டு என்பது அச்செயலால் புலப்படுகிறது.

இங்கு வாழும் நம்மைச் சிலர் ‘மதராசி’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். அச்சொல் நம் இயல்பை உணர்த்தாது என்பதை நாம் அறிவோம். கதைமாந்தருக்கும் அந்நீதியை வழங்குவோம்.