நமது சபைகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நவம்பர் 23 வந்தால் நம்மூர் முகநூல் முழுக்கக் குறிஞ்சாக்கேணிதான். 2021இல் அன்று காலை பாடசாலைக்கும் வேலைக்கும் போனவர்களை ஏற்றிய இழுவைப் படகு கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அதில் சீருடையோடு போன பிள்ளைகளும் இருந்தார்கள். பிறகு எண்ணிக்கை இன்னும் கூடியது. வகுப்பறையில் வருகை இடாப்பைக் கையில் எடுக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது செய்தி அல்ல. கூப்பிட்டால் பதில் வராத பெயர்கள்.

துஆ கேட்போம், அது நம் கடமை. ஆனால் அந்த மரணங்கள் நமக்கு விட்டுப்போன கேள்வி ஒன்று இருக்கிறது. அதை இன்னும் சரியாகக் கேட்டு முடியவில்லை.

பாலம் கட்டும் வேலை நடந்ததால்தான் மக்கள் அந்தப் 'பாதை'யில் ஏறினார்கள். பாலம் ஒருவர் பொறுப்பு, படகுக்கு அனுமதி இன்னொருவர் பொறுப்பு, எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பார்ப்பது வேறொருவர் பொறுப்பு. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். விவகாரம் பாராளுமன்றம் வரை போனது. படகோடு சம்பந்தப்பட்டவர்களும் நகர சபைத் தலைவரும் கைது செய்யப்பட்டார்கள். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை, நாங்கள் அதற்குள் போகவில்லை. நாங்கள் சொல்வது இதுதான்: பொறுப்பு பலரிடம் பிரிந்து கிடக்கும் இடத்தில், கேட்பதற்கு மக்கள் இல்லையென்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது, இனிப் பாதைக்காகத் துறையடியில் காத்துக் கிடக்கும் காலம் முடிந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. பெரிய பாலம் வந்து பன்னிரண்டு வருடத்தில், சின்னப் பாலம் ஒன்று இல்லாமல் பிள்ளைகளை இழந்தோம். பெரிய திட்டங்களுக்கு மந்திரிமார் வருவார்கள், நாடா வெட்டுவார்கள். சின்ன விடயங்களைப் பார்க்க வேண்டியது நமது உள்ளூராட்சி சபைகள்.

இப்போது அந்தச் சபைகளின் கதைக்கு வருவோம்.

2018 பெப்ரவரி 10இல் வாக்களித்தோம். அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லை என்ற பெயரில் நின்றுபோனது. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் நமது வீதி விளக்கைப் பற்றிக் கேட்க நாம் தெரிவு செய்த ஓர் ஆள் இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலமோ 2017 செப்டெம்பரிலேயே முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆகவே நமது வாசலுக்குக் கிட்ட இருக்கும் மக்கள் பிரதிநிதிகள் இந்தச் சபை உறுப்பினர்கள்தான். நீதிமன்றம் வரை போய்க் கிடைத்த சபை இது. சும்மா விடக் கூடாது.

எது யாருடைய வேலை என்பதில் நம்மில் பலருக்குக் குழப்பம் உண்டு. பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. செயலகத்தில் இருப்பவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள், சபையில் இருப்பவர்கள் நாம் தெரிவு செய்தவர்கள். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு. உங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை பெரும்பாலும் சபைக்கு. குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் சபைக்கு. குப்பை, வடிகான், தெருவிளக்கு, பொதுச் சந்தை, நூலகம், சிறுவர் பூங்கா, கட்டாக்காலி மாடுகள், இவை எல்லாம் நகர சபை, பிரதேச சபையின் தலையில். யாரிடம் கேட்பது என்று தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

குப்பையும் வடிகானும் சின்ன விடயம் என்று நினைக்காதீர்கள். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பாடசாலைகளை மூட வேண்டி வந்தது. பல வீடுகளில் ஜனாஸா எழுந்தது. அடுத்த மாதம் கொழும்பு மீதொட்டமுல்லயில் குப்பை மலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். திருகோணமலை நகரில் கோட்டைப் பக்கம் போனால், மான்கள் பொலித்தீனைத் தின்பதைப் பார்க்கலாம். நாட்டிலேயே அழகான துறைமுகம் என்று வெளிநாட்டுக்காரன் படம் எடுத்துப் போகிறான், படத்தின் ஓரத்தில் நமது குப்பை. இரவில் வீதியின் நடுவில் படுத்திருக்கும் மாட்டில் மோதி விழும் மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாட்டைப் பிடித்துக் கட்டவும் உரிமையாளரிடம் தண்டப் பணம் வாங்கவும் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் பிடித்த அன்றே "அது நம்ம ஆளின் மாடு" என்று தொலைபேசி அழைப்பு வந்தால் எந்த ஊழியர் மறுநாள் கயிற்றைத் தூக்குவார்?

"சபையிடம் பணம் இல்லை" என்பதுதான் எப்போதும் வரும் பதில். அதில் உண்மையும் உண்டு. சபையின் சொந்த வருமானம் சோலை வரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் கடை வாடகை போன்றவைதான். முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணம் ஊடாக வந்து சேர வேண்டும். வரியைக் கட்டாமல் விளக்கு எரியவில்லை என்று திட்டுவது நியாயமில்லை. வருடத்துக்கான வரியை ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவும் உண்டு. கட்டுங்கள். கட்டிய பிறகு, அந்தப் பணம் எங்கே போனது என்று கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? எங்கள் ஆலோசனை நான்கு.

1. சபைக் கூட்டம் மாதா மாதம் நடக்கிறது. பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் இரண்டு பேராவது போய் உட்காருங்கள். பார்க்க ஆள் இருந்தால் கூச்சல் குறையும், வேலை பேசப்படும்.

2. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், ஒப்பந்தம் யாருக்கு என்று தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று தகவல் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

3. அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் முடிவாகும். அதற்கு முன்பே பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் சபைகள், சனசமூக நிலையங்கள், பாடசாலை அபிவிருத்திக் குழுக்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் வட்டாரத்துக்கு அவசரமான மூன்று வேலைகளை எழுதிக் கொடுங்கள். முப்பது எழுதினால் ஒன்றும் நடக்காது.

4. சட்டப்படி சபை உறுப்பினர்களில் நூற்றுக்கு 25 பெண்களுக்கு. வந்த சகோதரிகளைக் கையெழுத்துப் போடும் ஆட்களாக வைக்காதீர்கள். வடிகான் நாற்றமும் நுளம்புத் தொல்லையும் அவர்களுக்குத்தான் கூடத் தெரியும். பேச விடுங்கள்.

ஆசிரியர்களாக எங்களுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பாடசாலைக்குப் பிள்ளைகள் வரும் ஒவ்வொரு வழியையும், தோணித்துறை, உடைந்த மதகு, விளக்கில்லாத சந்தி உட்பட, வருடத்துக்கு ஒரு முறை சபை உறுப்பினர்களும் அதிபர்களும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு காலைப் பொழுது போதும். ஆபத்தான இடம் இருந்தால், அது எந்தத் திணைக்களத்துக்குச் சொந்தமாக இருந்தாலும், கடிதம் எழுதி அதன் பிரதியை மக்கள் பார்வைக்கு ஒட்டுங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்று நாளைக்கு ஒருவரும் சொல்ல முடியாது.

தலைவர்மாருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பதவி என்பது அமானிதம். மாலை போட்ட கைகள்தான் நாளை கேள்வியும் கேட்கும். அதை எதிர்க்கட்சிக்காரனின் வேலை என்று எடுக்காதீர்கள். இந்த மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் ஒரே வீதியில் நடக்கிறோம், ஒரே நுளம்பு கடிக்கிறது. வட்டாரத்தில் யார் வாக்குப் போட்டார், யார் போடவில்லை என்று பார்த்து விளக்குப் போடும் பழக்கம் இனி வேண்டாம்.

உங்கள் வட்டாரத்தில் அவசரமான ஒரு வேலை எது? கீழே எழுதுங்கள். ஆட்களைத் திட்ட வேண்டாம், இடத்தையும் பிரச்சினையையும் மட்டும் சொல்லுங்கள். தொகுத்து அந்தந்தச் சபைக்கு எழுத்தில் கொடுப்போம், கிடைக்கும் பதிலையும் இங்கேயே போடுவோம், இன்ஷா அல்லாஹ்.