சாவி யார் கையில்?

1999 ஏப்ரல் 17 அன்று ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் ஆட்சி கவிழ்ந்தது. ஒரு ஓட்டின் அருமை பற்றி அன்றைக்குப் பேசாத ஆளில்லை. அதே வருஷம் செப்டம்பரில் மறுதேர்தல் வந்தபோது, சிதம்பரம் தொகுதிச் சேரிகளில் எத்தனை ஓட்டு வாக்குச்சாவடிக்கே போய்ச் சேரவில்லை என்று எவன் கேட்டான்?

சிதம்பரம் தனித்தொகுதி. த.மா.கா. அணியில் சைக்கிள் சின்னத்தில் திருமாவளவன். தேசிய ஜனநாயகக் கூட்டணியில் பா.ம.க.வின் பொன்னுசாமி. இரண்டு பேருமே தலித்துகள். யார் ஜெயித்தாலும் தலித் எம்.பி.தானே, அப்புறம் எதுக்கய்யா குடிசைகளைக் கொளுத்தினீர்கள்?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. டெல்லிக்கு ஒரு தலித் போவதில் ஊருக்கு ஒரு தகராறும் கிடையாது. அவரைச் சேரியே பொறுக்கி அனுப்பப் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. அடித்தார்கள், மறித்தார்கள். அதையும் மீறி, அதுவரை தேர்தலையே புறக்கணித்து வந்த ஓர் இயக்கத்தின் தலைவருக்கு 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. தோற்றார். 1932-இல் எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்து நம்மிடமிருந்து பறித்தது இதைத்தான். இரட்டை வாக்குரிமை போனது, தனித்தொகுதி வந்தது. வீடு நம்முடையது, சாவி ஊர்க்காரன் இடுப்பில்.

தமிழ்நாட்டின் 39 இடங்களில் 26 அந்தக் கூட்டணிக்கு. அக்டோபர் 13-இல் மந்திரிசபை பதவியேற்றது. பெரியார் பெயரைச் சொல்லும் தி.மு.க. எப்படிப் போய் பா.ஜ.க.வோடு உட்கார்ந்தது என்று நம் தோழர்கள் சிலர் இப்பவும் ஆச்சரியப்படுகிறார்கள். (பாவம், நல்ல மனசு.) அந்த ஜூலை 23-இல், திருநெல்வேலியில் ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களைத் தாமிரபரணிக்குள் விரட்டியடித்தது அதே கட்சியின் ஆட்சியில் இருந்த போலீஸ். கைக்குழந்தை உள்பட 17 பேர் செத்தார்கள். ஆறே வாரத்தில் தேர்தல். தொகுதிக்காக மல்லுக்கு நின்ற அந்தக் கூட்டணியில் இந்த 17 பிணங்களுக்காக ஒரு கட்சிகூட வெளியேறவில்லை. கூட்டணி தர்மமாம்!

பழைய கதை என்பீர்கள். 2019 ஏப்ரல் 18, ஓட்டுப்பதிவு நாள், அதே சிதம்பரம் தொகுதி. பொன்பரப்பியில் சேரி வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். இந்தத் தடவை பானைச் சின்னம், அதே திருமாவளவன். ஜெயித்தார், வெறும் 3,219 ஓட்டில்.