தண்ணியில கண்டம்

டிரையத்லான் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. முதலில் நீந்த வேண்டும். கரையேறிய ஈரத்தோடு சைக்கிள் மிதிக்க வேண்டும். அதை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். நடுவில் டிபன், காபி கிடையாது. ஒவ்வொன்றுமே தனித்தனியாகப் போதுமான தண்டனை. மூன்றையும் சேர்த்துச் செய்ய யாருக்குத் தோன்றியது?

அமெரிக்காவில், சான் டியேகோ நகரத்தின் மிஷன் பே. 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை சாயங்காலம். 46 பேர் கூடினார்கள். (புதன்கிழமை சாயங்காலம் நாம் என்ன செய்வோம்? வியாழக்கிழமையை நினைத்துக் கவலைப்படுவோம்.) அதில் ஒருவர் ஜான் காலின்ஸ், கடற்படை அதிகாரி. அவர் பிற்பாடு ஹவாயில் இருந்தபோது நீச்சல்காரன் உசத்தியா, ஓட்டக்காரன் உசத்தியா என்று வாய்த் தகராறு. தீர்த்து வைக்க 1978ல் ஒரு போட்டி வைத்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். ‘அயர்ன்மேன்’ பிறந்த கதை இதுதான்.

பயந்துவிடாதீர்கள். நம்மைப் போன்ற தகர மனிதர்களுக்கு ‘ஸ்பிரிண்ட்’ என்று சின்ன சைஸ் ஒன்று உண்டு. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அடுத்த மாதம் நடக்கிற ஒன்றுக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

என் விளையாட்டு வரலாறு ஒரு வரி. பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயில் மைக் பிடித்து, ஜெயித்தவர்கள் பெயரை வாசித்தவன். அப்புறம் பதினைந்து வருஷம் சுழல் நாற்காலி. வயது 39, இடுப்பு 38. இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, “சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது சார். உள்ள கூப்பிடறதும் திருப்பி அனுப்பறதும் உங்க கையில” என்றார். அந்த வாரமே ஆபீஸில் ஒரு தம்பி இந்தப் போட்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

சைக்கிள் பிரச்னை இல்லை. சின்ன வயசில் பழகியது, உடம்பு மறக்கவில்லை. ஓட்டமும் அப்படித்தான், மூச்சு முட்டினால் நடக்கலாம், விதியில் தடையில்லை. ஆனால் சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடிப் பாருங்கள். கால் நம்முடையதாக இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய மாதிரி கனக்கும். இந்தப் பயிற்சிக்கு ‘பிரிக்’, அதாவது செங்கல் என்றே ஒரு பெயர். வாரம் ஒரு தரம், மிதித்த கையோடு பத்து நிமிஷம் ஓடிப் பழகினால் செங்கல் மெதுவாகக் கரைகிறது.

நாலாவதாக ஒரு போட்டியும் ஒளிந்திருக்கிறது. உடுப்பு, ஷூ மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கலாம். “ஆபீஸுக்குக் கிளம்பவே உங்களுக்கு முக்கால் மணி ஆகுதே” என்றாள் மனைவி.

வில்லன் தண்ணீர்தான்.

எனக்கு நீச்சல் தெரியாது. தெரியாமல் வளர்க்கப்பட்டவன். அம்மாவின் தம்பி பதினோரு வயசில் கோயில் குளத்தில் போனவர். அதற்குப் பிறகு நான் பிறந்தேன். ‘தண்ணியில கண்டம்’ என்று ஜோசியர் கணித்தாரா, அம்மா கேட்டு வாங்கினாளா தெரியாது. ஊரில் பையன்களெல்லாம் கிணற்றில் குதித்தபோது நான் மேலே நின்று அவர்கள் சட்டைக்குக் காவல் இருந்தேன்.

ஆறு மாதம் முன்னால் குளத்தில் சேர்ந்தேன். பக்கத்தில் ஏழு வயசு வாண்டுகள். “அங்கிள், காலை உதைங்க அங்கிள்!” கோச்சுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். “சார், மூச்சை ஏன் சேர்த்து வெக்கறீங்க? தண்ணிக்குள்ள விட்டுடுங்க. வெளிய வந்தா தானா உள்ள போகும்” என்றார். புதுசாக நீந்துகிறவர்களுக்கு நெஞ்சடைப்பது பெரும்பாலும் காற்று போதாமல் அல்ல, உள்ளே இருக்கிற கரியமில வாயுவை விடாமல். இது புரிந்ததும் 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளம் இரண்டானது, இரண்டு ஆறானது. முப்பது நீளம் போனால் 750.

இங்கே கொஞ்சம் சீரியஸாக. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரையிலான போட்டிகளை அலசிய ஓர் ஆய்வில், உயிருக்கு ஆபத்தான 135 சம்பவங்களில் 90 நீச்சலின்போது நடந்தவை. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயசு 47ஐ ஒட்டி. அதனால் இருதயப் பரிசோதனை செய்துகொள்ளாமல் கிளம்பாதீர்கள். கடலிலும் ஏரியிலும் தனியாகப் பழகவே பழகாதீர்கள். அங்கே பிடித்துக்கொள்ள சுவர் கிடையாது, அடியில் நீலக் கோடு கிடையாது. போட்டியில் களைத்தால் மிதவையையோ நிற்கிற படகையோ பிடித்து இளைப்பாறலாம், அனுமதி உண்டு. கையைத் தூக்கினால் காவலுக்கு நிற்பவர் வருவார். கையைத் தூக்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கௌரவம் நீந்தாது.

வீட்டில் அம்மாவிடம் ‘வாக்கிங் போறேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீச்சல் என்றே சொன்னேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு, “நானும் வரேன்” என்றாள்.

குளத்தங்கரை பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தலையை முக்குகிற ஒவ்வொரு தரமும் அவள் எழுந்து நிற்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாலு மாதமாக வருகிறாள். இப்போதெல்லாம் எழுந்திருப்பதில்லை. விரல் விட்டு நீளத்தை எண்ணுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை முப்பது முடித்து மேலே வந்தேன். “இருபத்தொம்பதுதான்” என்றாள். திரும்ப இறங்கி ஒன்று போட்டேன்.

அடுத்த மாதம் கடைசியாகத்தான் வருவேன், நிச்சயம். மெடலைக் கழற்றி வைப்பதற்குள் போட்டி நடத்துகிறவர்கள் ஷாமியானாவைப் பிரித்துவிடுவார்கள். பரவாயில்லை. நேற்று வீடு திரும்பும்போது அம்மா கோச்சிடம் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன்.

“பேத்தியைச் சேக்கறதுக்கு எவ்வளவு ஃபீஸுன்னு கேட்டேன்” என்றாள்.