திறன்பலகை வாங்குமுன்

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்றாலே இப்போது திறன்பலகைக்கு நன்கொடைப் பேச்சுதான். கணக்கு வாத்தியாரான எனக்கு அதில் அத்தனை உற்சாகம் இல்லை.

பினாங்கு கொம்தாரில் 2016இல் திறந்த டெக் டோம் அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பாருங்கள். பொத்தானை அமுக்குவார்கள், விளக்கு எரிந்ததும் அடுத்ததுக்கு ஓடுவார்கள். "அமுக்கினால் என்ன நடக்கும், முதலில் சொல்லு" என்றால்தான் கால் நிற்கும். உடனே பக்கத்துப் பையன் மறுத்துப் பேசுவான். மிஷலின் சி, ரூத் வைலி என்ற ஆய்வாளர்கள் 2014இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். சும்மா கேட்பதைவிடக் கையை அசைப்பது மேல், அதைவிடத் தானே விளக்குவது மேல், இருவர் வாதாடிக் கண்டுபிடிப்பது எல்லாவற்றுக்கும் மேல். திரையைத் தட்டுவது இரண்டாம் படிதான். பின்னப் பயிற்சியில் நான்கு விடையையும் படபடவென்று தட்டி நட்சத்திரம் வாங்கும் கெட்டிக்காரர்கள் என் வகுப்பிலும் உண்டு!

கருவி மட்டும் போதாது என்பதை முன்பே பார்த்துவிட்டோம். 2011இல் தொடங்கிய கல்வி அமைச்சின் 1பெஸ்தாரிநெட் திட்டம் பள்ளிகளுக்கு இணையமும் கற்றல் தளமும் கொடுத்தது. தளத்தைத் திறந்து பார்த்தவர்களே மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019இல் அது முடிந்தும்போனது.

பலகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பினாங்கு மிண்டனில் உள்ள நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே கற்பித்தல் தொழில்நுட்பத்துக்கு ஒரு மையம் இருக்கிறது. விற்பனையாளரைக் கூப்பிடுமுன் அங்கிருந்து ஒருவரைக் கூட்டத்துக்கு அழைக்கலாமே. வசூலில் ஒரு பங்கை ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.