மயிற்கழுத்து நிறச் சுவர்

வீட்டுச் சுவருக்கு வெள்ளை அல்லது இளமஞ்சள் என்றிருந்த காலம் கழிந்தது. நீலமும் பச்சையும் இறுகக் கலந்த ஆழ்ந்த நிறமொன்றை இன்று பலர் விரும்புகின்றனர். ஆங்கிலேயர் இதற்கு ஒரு சிறு வாத்தின் பெயரை வழங்கினர். பட்டுச் சேலையிற் கண்டு பழகிய நம் பெண்களோ மயிற்கழுத்து நிறம் என்பர்.

சேலைக்கு அழகு செய்யும் நிறம் சுவருக்கும் அழகு செய்யுமா? செய்யும். ஆயினும் சேலையை உடுப்பவர் ஒருவரே. சுவரோடு வாழ்வோர் வீட்டார் அனைவரும். இதனை மறந்தால் யாது நிகழும் என்பதற்கு இலண்டன் நகரத்து வரலாறொன்று சான்றாகும்.

அந்நகரில் லேலன்ட் என்னும் கப்பல் வணிகர், சீனப் பீங்கான்கள் அடுக்கிய தம் உணவறையிற் சிறு திருத்தஞ் செய்யும் பணியை 1876ஆம் ஆண்டில் விசிலர் என்ற ஓவியரிடம் ஒப்படைத்தார். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத வேளையில், ஓவியர் யன்னற் கதவுகளிலெல்லாம் பொன் மயில்களைத் தீட்டிவிட்டு 2,000 கினி கேட்டார். கிடைத்தது பாதியளவே. சினங்கொண்ட ஓவியர், சுவரை மூடியிருந்த விலையுயர்ந்த தோலின் மேல் நீலப்பச்சை நிறத்தைப் பூசினார். போரிடும் இரு மயில்களை வரைந்து, ஒன்றின் காலடியிற் காசுகளைச் சிதறவிட்டார். ஆதரவாளராயிருந்தவர் பகைவரானார். இன்று வாஷிங்டன் நகரத்துக் கலைக்கூடமொன்றில் உள்ள அவ்வறையின் அழகிற் குறையில்லை. வீட்டுக்குரியவரைக் கேளாமற் செய்ததே குறை.

ஆகவே, நிறந் தேருமுன் வீட்டாரைக் கேளுங்கள். சிறப்பாகப் பார்வை மங்கிய முதியோரையும் இரவிற் படிக்கும் பிள்ளைகளையும் கேளுங்கள். வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கு வரை திருப்பித் தரும். ஆழ்ந்த மயிற்கழுத்து நிறமோ ஏறத்தாழ 10 பங்கே தரும். நான்கு சுவரிலும் இதனைப் பூசினால், அதே மின்குமிழ் எரிந்தும் அறை இருண்டு தோன்றும். படிப்போர் கண்கள் களைப்படையும்.

எனவே படிப்பறைக்கும் குசினிக்கும் இந்நிறம் வேண்டாம். முன்னறையில் யன்னல் வெளிச்சம் நேரே விழும் ஒரு சுவருக்கு மட்டும் பூசி, ஏனைய சுவர்களையும் கூரையின் உட்புறத்தையும் வெண்மையாக விடுங்கள். அச்சுவரின் முன் பித்தளைக் குத்துவிளக்கோ முதிரைக் கதிரையோ வைத்தால் இரண்டும் பொலிவு பெறும். நீலப்பச்சைக்கு எதிர்நிறம் செம்மஞ்சள். எதிர்நிறங்கள் அடுத்திருந்தால் ஒன்றையொன்று மிகுத்துக் காட்டும். பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரல் இதனை 1839ஆம் ஆண்டிலேயே விளக்கி நூலெழுதினார்.

ஈரங் கசியும் சுவராயின் முதலிற் கசிவைத் திருத்துங்கள். உப்புப் பூத்த வெண்திட்டுகள் கடுநிறத்தில் மிகத் தெளிவாகத் தோன்றும்.

பெயின்ற் முழுவதையும் வாங்குமுன், சிறு தகரமொன்று வாங்கி, இரண்டடிப் பலகையிற் பூசி, அச்சுவரிற் சாத்தி வையுங்கள். காலை வெயிலிலும் நண்பகலிலும் இரவு விளக்கொளியிலும் நிறம் வெவ்வேறாகத் தோன்றும். மூன்று நாள் வீட்டார் யாவரும் அதனைப் பார்க்கட்டும். அம்மம்மாவின் சொல்லும் கடைக்குட்டியின் சொல்லும் கேட்கப்பட்ட பின்னரே தூரிகையைக் கையிலெடுங்கள்.